நூல் புல்லை வெட்டுமா?

வரப்பின்மேல் நடந்து பள்ளிக்கூடம் போனவர்களுக்கு நான் சொல்லப் போவது நினைவிருக்கும். கையில் ஒரு விளார் இருக்கும். வழியில் நிற்கும் நாயுருவி, ஆவாரை, எருக்கு ஒன்றையும் விட்டு வைக்க மாட்டோம். 'விர்' என்று ஒரு வீச்சு. பூந்தண்டு தலையிழந்து விழும். அடுத்த செடிக்கு இன்னொரு வீச்சு. வீட்டில் இதற்காக வாங்கிய திட்டுக்கும் குறைவில்லை. ஆனால் அந்த விளாருக்குக் கூர் ஏது? அதே விளாரைத் தண்டின்மேல் வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். தண்டு வளைந்து கொடுக்கும். கையை எடுத்தால் மறுபடி நிமிர்ந்து கொள்ளும். ஒரே விளார், ஒரே தண்டு. மெல்லப் போனால் வளைகிறது, விரைந்து போனால் அறுகிறது. வெட்டியது விளாரன்று, வேகந்தான்.

இந்தச் சிறுபிள்ளை விளையாட்டைத்தான் நம் விடுதித் தோட்டத்தில் ஒரு யந்திரம் செய்து கொண்டிருக்கிறது. ஜூலை மாதத்தில் வடநாட்டு மழை பிடித்துக் கொண்டால், விடுதியைச் சுற்றிப் புல் முழங்கால் அளவுக்கு எழுந்துவிடும். அப்பொழுது மாலி, தோளில் வாரை மாட்டிக்கொண்டு வருவார். வாரில் தொங்குவது ஒரு நீண்ட குழாய். அதன் பின்முனையில் ஒரு சிறு பெட்ரோல் எஞ்சின். முன்முனையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் உருளை. உருளையின் இருபுறமும் சாண் நீளங்கூட இல்லாத இரண்டு நைலான் நூல்கள் நீட்டிக் கொண்டிருக்கும். எஞ்சின் உறுமும், நூல்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும், புல் சரியும். எட்டு மணி வகுப்பு இல்லாத அன்பர்கள் தலையணையைக் காதின்மேல் வைத்துக்கொண்டு மாலியைச் சபிப்பார்கள்.

கடைக்காரர் இதைப் 'பிரஷ் கட்டர்' என்பார். மலையாள நண்பர்கள் 'காடுவெட்டு யந்திரம்' என்கிறார்கள். ஆங்கிலேயருக்கு இது 'ஸ்டிரிம்மர்', ஆஸ்திரேலியருக்கு 'விப்பர் ஸ்னிப்பர்', அமெரிக்கர் பலருக்கு 'வீட் ஈட்டர்', அதாவது களைதின்னி. உண்மையில் களைதின்னி என்பது முதன்முதலில் இதை விற்ற கம்பெனியின் பெயர். பொருளின் பெயரும் கம்பெனியின் பெயரும் ஒன்றாகிவிடுவது புதிதல்லவே! நாமும் நகல் எடுப்பதை 'ஜெராக்ஸ்' என்றுதானே சொல்கிறோம்?

அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் ஜார்ஜ் பாலஸ் என்பவர். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் நடனப் பள்ளி நடத்தியவர். யந்திர நூல் கற்ற எஞ்சினீயர் அல்லர். அவருடைய தோட்டத்தில் மரங்கள் மிகுதி. மரத்தின் அடியில் வேரைச் சுற்றி நிற்கும் புல்லை எந்த யந்திரத்தாலும் வெட்ட முடியவில்லை. இரும்புத் தகடு பட்டால் மரம் காயப்படும்; தகடும் கெடும். 1971 ஆம் ஆண்டில் ஒருநாள் தம் காரை யந்திரத்தால் கழுவும் நிலையத்துக்குக் கொண்டு சென்றார். அங்கே சுழலும் தூரிகைகள் காரின் மேடு பள்ளங்களுக்கெல்லாம் வளைந்து கொடுத்து அழுக்கை மட்டும் எடுப்பதைப் பார்த்துக் கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் சோளப்பொரி அடைத்து விற்கும் ஒரு காலித் தகர டப்பாவை எடுத்தார், துளைகள் போட்டார், துளைகளில் தூண்டில் நரம்பைக் கோத்தார், புல்லோரம் சீவும் மோட்டாரில் அதை மாட்டிச் சுழற்றினார். புல் பறந்தது, மரம் பிழைத்தது. கருவி செய்யும் பெரிய கம்பெனிகள் பல இதை வாங்க மறுத்தனவாம். ஆகவே தாமே செய்து விற்கத் தொடங்கினார். 1977 இல் எமர்சன் எலெக்ட்ரிக் என்னும் பெரிய நிறுவனம் அவருடைய கம்பெனியை விலைக்கு வாங்கியது. பாலஸ் 2011 இல் காலமானார்.

அவர் கோத்த நூலின் கதை அதற்கும் முந்தியது. டூபாண்ட் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் வாலஸ் கரோதர்ஸ் நைலானைக் கண்டது 1935 இல். 1938 இல் அது பல் துலக்கும் பிரஷ்ஷின் மயிராகக் கடைக்கு வந்தது. பல்லைத் துலக்கிய பொருளே பிறகு புல்லை வெட்ட வந்தது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

இனி வேகத்தின் கணக்கைப் பார்ப்போம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பத்தாம் வகுப்புக் கணக்குத்தான். உருளை நிமிடத்துக்கு 7,000 சுற்றுச் சுற்றுவதாக வைத்துக் கொள்வோம். நூலின் நுனி மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கட்டும். அப்படியானால் நுனி ஒரு செகண்டில் ஏறத்தாழ 147 மீட்டர் போகிறது. மணிக்கு 528 கிலோமீட்டர். மணிக்கு 130 கிலோமீட்டரில் பாயும் ரயிலின் வேகத்தைப் போல் நான்கு மடங்கு! ஒரு செகண்டில் உருளை 116 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. நூல் இரண்டு, ஆகவே ஒரு செகண்டில் 233 அடிகள்.

நூல் ஏன் தொங்காமல் கம்பி போல் விறைத்து நிற்கிறது? கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிச் சுழற்றியவர்களுக்குத் தெரியும், கயிறு கையை எப்படி இழுக்குமென்று. இங்கே கல் கிடையாது. நூலின் எடையே அந்த வேலையைச் செய்கிறது. 2.4 மில்லிமீட்டர் கனமுள்ள நூலில் வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் பகுதி 14 சென்டிமீட்டர் என்றால், அதன் எடை முக்கால் கிராம்கூட இல்லை. ஆனால் அந்தச் சுழற்சியில் அது தன் அடிப்பாகத்தை ஐந்து கிலோ எடை தொங்கினால் எப்படி இழுக்குமோ அப்படி இழுக்கிறது. முக்கால் கிராம் நூலுக்கு ஐந்து கிலோ இழுப்பு! அந்த இழுப்பே நூலுக்கு முதுகெலும்பு. சுழற்சி நின்றால் மறுபடி துவண்ட நூல்தான்.

இப்படி விறைத்த நூல் புல்லைத் தாக்கும்போது நடப்பதுதான் விளார் வித்தை. கத்தரிக்கோலில் இரண்டு அலகு உண்டு. ஒன்று தாங்க, மற்றொன்று வெட்டும். அரிவாளில் அறுக்கும்போது இடக்கை புல்லைப் பிடித்துத் தாங்குகிறது. இந்த யந்திரத்தில் தாங்குவார் இல்லை. புல்லின் சொந்தக் கனமே அதைத் தாங்குகிறது. ஓய்ந்திருக்கும் பொருள் ஓய்ந்தே இருக்க விரும்பும் என்று நியூட்டன் சொன்னாரே, அந்தச் சோம்பல்! நூல் வந்து மோதும் கணத்தில், வளைந்து ஒதுங்கப் புல்லுக்கு அவகாசம் இல்லை. ஒதுங்குவதற்குள் அறுந்து போகிறது. சரியாகச் சொன்னால் நூல் புல்லை வெட்டுவதில்லை. அடித்து முறிக்கிறது, கிழிக்கிறது. மறுநாள் போய்க் குனிந்து பாருங்கள். கருக்கரிவாளால் அறுத்த புல்லின் முனை சீராக இருக்கும். நூல் அடித்த புல்லின் முனை நார் நாராகப் பிரிந்து பழுப்பேறியிருக்கும். வேலை விரைவில் முடிந்ததற்கு நாம் கொடுக்கும் விலை அது.

இதிலிருந்து ஒரு தொழில் நுணுக்கம் தானே விளங்கும். வேகம் மிகுதி நுனியில்தான். ஆகவே வெட்டுவதும் நுனிதான். நூல் முழுவதையும் புதருக்குள் திணித்தால் பலன் இல்லை. நூல் வளைந்து சோர்ந்துவிடும், எஞ்சின் முனகும். உயர்ந்த புல்லானால் மேலிருந்து கீழாகப் படிப்படியாகச் சீவி வரவேண்டும். நன்றாகத் தெரிந்த தொழிலாளி நுனியால் தடவுவது போலத்தான் செய்வார். கட்டைத்தண்டுச் செடிக்கு நூல் ஆகாது. அதற்குத் தகடு வேண்டும், அல்லது நம் பழைய வெட்டரிவாள்.

டில்லியில் ஆகஸ்டு மாதம் பட்டம் விடும் காலத்தைக் கண்டவர்கள், 'நூல் வெட்டுவதில் என்ன அதிசயம், மாஞ்சா நூல் கழுத்தையே அறுக்கிறதே?' என்று கேட்கலாம். அது வேறு வழி. கண்ணாடித் தூள் பூசிய நூல் முறுக்கி இழுக்கப்பட்டு, தோலின்மேல் ரம்பம் போல் ஓடுகிறது. அந்த நைலான் மாஞ்சாவை 2017 இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை செய்தது. யந்திர நூலில் தூளும் இல்லை, ரம்பமும் இல்லை. நிறுத்திவிட்டுத் தொட்டுப் பாருங்கள். பூணூல் போல் சாதுவாக இருக்கும்.

அப்படியானால் இது ஆபத்தில்லாத யந்திரமா? கேள்வியின் ஒரு பாதிக்கு 'ஆம்' என்று சொல்லலாம். அதற்கும் கணக்கு உண்டு. 25 சென்டிமீட்டர் குறுக்களவும் கால் கிலோ எடையும் உள்ள வட்டமான எஃகுத் தகடு அதே 7,000 சுற்றில் சுழன்றால், அதில் அடங்கியிருக்கும் சக்தி 500 ஜூலுக்கு மேல். ஒரு கிலோ எடைக்கல்லைப் பதினைந்து மாடிக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து போட்டால் தரையில் என்ன சக்தியோடு மோதுமோ, அது! ஒரு நைலான் நூலில் அடங்கியிருப்பதோ மூன்றரை ஜூல் அளவுதான். அதே எடைக்கல்லை முழங்கால் உயரத்துக்கும் கீழேயிருந்து நழுவ விட்டதற்குச் சமம். தகடு கல்லிலோ வேரிலோ சிக்கினால் யந்திரத்தையே தொழிலாளியின் கையிலிருந்து உதறும். நூல் சுவரில் மோதினால் வளையும், தேயும், மிஞ்சினால் முனை ஒடியும். யந்திரம் திமிறாது. தகடு தன் பிடிவாதத்தால் ஆபத்து விளைக்கிறது. நூல் தன் தோல்வியால் காக்கிறது. பாலஸ் தேடியது இதைத்தான்.

ஆனால் காலில் பட்டால் ஒன்றும் ஆகாது என்று எண்ணிவிடக் கூடாது. ஓர் அடி சிறிதுதான். செகண்டுக்கு 233 அடி என்பதை மறக்கலாகாது. வெறுங்காலில் பட்டால் தோலை உரித்துச் சதையைக் கிழித்துவிடும். பூட்ஸும் முழுக்கால் சட்டையும் அதனால்தான் சொல்லப்பட்டன. நம் ஊர்களில் ரப்பர்ச் செருப்போடு இதைப் பிடித்து நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கேள்வியின் மறுபாதிக்கு வருவோம். நூல் வளைந்து கொடுக்கிறது, சரி. நூல் அடித்த கூழாங்கல் வளைந்து கொடுக்குமா? தினைப்புனத்தில் கிளி ஓட்டிய கவண் என்ன செய்தது? கல்லைச் சுழற்றி, ஒரு கணத்தில் விட்டது. விட்ட கல் வட்டமாகப் போவதில்லை; விட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் பாயும். நிமிடத்துக்கு 7,000 முறை சுழலும் கவண் என்றுதான் இந்த யந்திரத்தைச் சொல்ல வேண்டும். புல்லுக்குள் என்ன மறைந்திருக்கிறதோ அதெல்லாம் அதற்குக் கல்தான்: ஜல்லி, பாட்டில் சில்லு, ஆணி, முள்வேலிக் கம்பித் துண்டு. நூல் தன் வேகத்தில் கால்பங்கைக் கல்லுக்குக் கொடுத்தாலும் போதும். மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல். வேகப்பந்து வீச்சாளரின் பந்து போகும் வேகம். அங்கே மட்டை பிடிப்பவருக்குத் தலைக்கவசம் உண்டு. பந்து எப்போது வருமென்றும் தெரியும். இங்கே நடைபாதையில் புத்தகத்தோடு போகிறவருக்கு இரண்டும் இல்லை. வேலை நடக்கும் இடத்திலிருந்து பிறர் 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டுமென்று இந்த யந்திரங்களின் கையேடுகள் சொல்வது இதற்காகத்தான்.

சென்ற ஆகஸ்டில் எங்கள் விடுதி உணவுக்கூடத்தின் ஜன்னல் கண்ணாடி 'படீர்' என்று உடைந்தது. சாம்பார் வாளிக்குள் சில்லு விழுந்ததால் அன்று இரவு எல்லாருக்கும் தயிர்சாதம். ஆத்திரத்தோடு வெளியே ஓடினேன். மாலி யந்திரத்தை அணைத்துவிட்டு நின்று கொண்டிருந்தார். அவருடைய வலது புருவத்துக்கு மேல் இரத்தம் கசிந்தது. கண்ணாடியை உடைத்த அதே வீச்சில் இன்னொரு துணுக்கு அவரையும் தாக்கியிருக்கிறது. அரை விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

"சாச்சா, இதற்கு முன்னால் ஒரு மறைப்பு இருக்குமே, அது எங்கே?" என்றேன்.

"ஈரப்புல் அதில் அடைத்துக் கொள்கிறது, பேட்டா. கனம் வேறே. கழற்றி வைத்துவிட்டேன்" என்றார்.

உருளையைப் பார்த்தேன். அதில் இருந்தது நைலான் நூலன்று. சைக்கிள் பிரேக் கம்பி.

"நூல் மூன்று நாளில் தீர்ந்து போகிறது. கேட்டால் ஒப்பந்தக்காரர், 'நூலைத் தின்கிறாயா?' என்கிறார். கம்பி தேயாது, பேட்டா" என்றார் மாலி.

அவர் சொன்ன இரண்டு காரணங்களும் கேட்க நியாயமாகவே இருந்தன. இரண்டும் தவறு என்பதை அன்று மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் நானே தெளிந்தேன்.

முதலில் மறைப்பு. உருளைக்கும் தொழிலாளிக்கும் நடுவே குடைச் சீலையில் கால்பங்கு வெட்டி மாட்டியது போல் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு அது. சுழலும் வட்டத்தின் ஒரு பக்கத்தில் நூல் நம்மை விட்டு விலகிப் போகும். மறு பக்கத்தில் நம்மை நோக்கி வரும். நம்மை நோக்கி வரும் பக்கத்தில் அகப்பட்ட கல் நம் காலுக்கும் முகத்துக்கும் வரும். அதைத் தடுப்பது முதல் வேலை. இரண்டாவது வேலையைப் பலர் கவனிப்பதில்லை. மறைப்பின் ஓரத்தில் விரல் நகம் போல் ஒரு சிறு கத்தி இருக்கும். நூல் தேய்ந்து குட்டையானால் தொழிலாளி உருளையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார். உள்ளேயிருக்கும் வில் அமுங்கி, நூற்கண்டு சிறிது நழுவ, சுழற்சியின் இழுப்பே புதிய நூலை வெளியே இழுத்துக் கொள்ளும். அளவுக்கு மிஞ்சி வந்ததை அந்தக் கத்தி 'டிக்' என்று நறுக்கிவிடும். மறைப்பைக் கழற்றினால் கத்தியும் போயிற்று. நூல் நீண்டு கொண்டே போகும். நீண்டால் அதிகம் வெட்டுமே என்று தோன்றும். காற்று சும்மா விடுமா? சுற்றும் வேகம் மாறாமல் நூலின் எட்டு மூன்றில் ஒரு பங்கு கூடினால், காற்றைக் கிழிப்பதற்கு மட்டும் ஏறத்தாழ மூன்று மடங்கு சக்தி வேண்டும். எஞ்சினால் முடியாது. வேகம் விழுகிறது, பெட்ரோல் எரிகிறது, கிளட்ச் சூடேறுகிறது, புல் வளைந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்து கொள்கிறது. சுமை குறையுமென்று கழற்றிய தட்டு, சுமையைக் கூட்டிவிட்டுப் போகிறது. ஈரப்புல் அடைத்தால் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு குச்சியால் தள்ளினால் போதும். எஞ்சின் ஓடும்போது விரலை மட்டும் விடக்கூடாது. மின்சார யந்திரமானால் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பாட்டரியில் ஓடுவதானால் பாட்டரியைக் கழற்றிவிட்டுத் தொட வேண்டும்.

அடுத்தது கம்பி. எஃகு நைலானைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு கனம். அதோடு போனாலும் பரவாயில்லை. பிரேக் கம்பி என்பது ஒற்றைக் கம்பியன்று. மெல்லிய இழைகளின் முறுக்கு. செகண்டுக்கு நூறு தடவைக்கு மேல் வளைத்து வளைத்து விட்டால் எந்த உலோகமும் களைத்துவிடும். நாமே ஓர் ஆணியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்பதில்லையா? களைத்த இழை ஒடிந்தால் அது ஊசி. அந்த ஊசி புறப்படும் வேகம் செகண்டுக்கு நூறு மீட்டருக்கு மேல். ஒடிந்த நைலான் முனை லேசானது. காற்று அதைச் சீக்கிரம் அடக்கிவிடும். எஃகு ஊசியைக் காற்று அவ்வளவு எளிதில் அடக்காது. நூலின் தோல்வியே பாதுகாப்பு என்று சொன்னேனே, கம்பியைக் கட்டும்போது அந்தத் தோல்வியைத்தான் பிடுங்கி எறிகிறோம்.

இது வெறுங்கணக்கன்று. உருளைக்குப் பதிலாகச் சங்கிலித் துண்டுகளைக் கோத்த இரும்புத் தலைகளை ஐரோப்பாவில் சிலர் விற்று வந்தார்கள். 2010 இல் பிரிட்டனில் அப்படிப்பட்ட தலையிலிருந்து சங்கிலிக் கண்ணி ஒன்று தெறித்து ஓர் உயிரைக் குடித்தது. 2012 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம், கையில் பிடிக்கும் புல்வெட்டி யந்திரங்களுக்கான அத்தகைய தலைகளை விற்கக் கூடாதென்று தடை போட்டது. நம் கடைத்தெருக்களில் இரும்புக் கம்பியும் சங்கிலியும் யாரும் தடுக்காமல் கிடைக்கின்றன. வாங்குகிறவர் கெட்டவர் அல்லர். நூலுக்குக் காசு கொடுக்க ஆளில்லாதவர்.

கண்ணைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். கல்லும் கம்பியும் பட்டால்தான் கண் போகும் என்பதில்லை. செகண்டுக்கு 233 அடி வாங்கிய புல் ஈரத்தூளாகி, மண்ணோடு சேர்ந்து முகத்தில் அடிக்கிறது. கண்ணின் கருவிழிமேல் ஒரு சிறு கீறல் விழுந்து, அதன்மேல் செடிப்பொருளில் இருக்கும் பூசணம் ஒட்டிக் கொண்டால் புண்ணாகிவிடும். வயல் வேலை செய்வோரிடம் இந்தப் பூசணப் புண் மிகுதி என்பதை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். முதலில் சற்றே உறுத்தும். சில நாளில் சிவக்கும். பிறகு வெள்ளை விழும். தாய்ப்பாலையோ இலைச்சாற்றையோ கண்ணில் விடுவதும், மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடுவதும் புண்ணை வளர்க்கும். நேரே கண் டாக்டரிடம் போவதுதான் வழி. இதெல்லாம் வராமல் தடுப்பது பக்கங்களும் மூடிய ஒரு கண்ணாடி. முகத்துக்கு முன் தொங்கும் வலைத்தட்டி மட்டும் போதாது. வலையின் கண்ணுக்குள் தூள் புகுந்துவிடும். தட்டியும் வேண்டும், உள்ளே கண்ணாடியும் வேண்டும். காதுக்கும் அடைப்பான் வேண்டும். நமக்கு அரைமணி நேரத் தூக்கக் கேடாக இருக்கும் ஓசை, அவருக்கு நாள் முழுவதும் காதருகில் கேட்கும் ஓசை.

வடநாட்டுப் புல்வெளிகளில் இன்னொரு பகைவன் உண்டு. பார்த்தீனியம், 'காங்கிரஸ் புல்' என்பார்களே, அது. அதன் சாறும் பூந்தூளும் பலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். கையால் பிடுங்கினால் கைக்கு வரும். நூலால் அடித்தால் தூறலாகிக் கழுத்து, முகம், முழங்கை எங்கும் வரும். ஆகவே பூக்குமுன் அதை ஒழிப்பது நல்லது. கை முழுவதும் மூடி, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பதும் நல்லது.

பாலஸ் காப்பாற்ற நினைத்த மரங்களுக்கு இந்த யந்திரம் செய்யும் கெடுதலையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. முதிர்ந்த மரத்தின் பட்டை நூலைத் தாங்கும். சென்ற வருஷம் நட்ட கன்று தாங்காது. அதன் மெல்லிய பட்டைக்கு அடியில்தான் இலையில் சமைத்த உணவு வேருக்கு இறங்கும் பாதை இருக்கிறது. அடியைச் சுற்றி நூல் ஒரு வளையம் போட்டுவிட்டால் பாதை அறுந்தது. கன்று உடனே சாவதில்லை. மேலே தழைத்துக் கொண்டேயிருக்கும், கீழே வேர் பட்டினி கிடக்கும். சில மாதம் கழித்து வாடும்போது, 'தண்ணீர் போதவில்லை' என்று சொல்லிவிடுவார்கள். வனமகோத்ஸவத்தன்று அமைச்சர் கையால் நட்ட கன்றுகள் அடுத்த ஆண்டு காணாமற்போவதில் இந்த நூலுக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்பது என் சந்தேகம். கன்றைச் சுற்றி ஒரு முழத்துக்குப் புல்லைக் கையால் எடுத்துவிட்டு, சருகைப் பரப்பி வைத்தால் நூலுக்கு அங்கே வேலையே இராது.

நூல் ஏன் மூன்று நாளில் தீர்ந்தது என்பதற்கும் விடை கிடைத்தது. மாலி சுவரோரத்தில் நூலைச் செங்கல்லில் உரசவிட்டுக் கொண்டிருந்தார். அரைச்சாண் எட்ட நின்று நுனியால் தடவினால் பாதி மிஞ்சும். இன்னொரு காரணம் வெயில். நைலான் சிறிது தண்ணீரைக் குடித்து வைத்திருந்தால்தான் துவளும். மே, ஜூன் காற்றில் காய்ந்துபோன நூல் கண்ணாடி போல் முறியும். வேலைக்கு முன் இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டால் உழைப்புக் கூடும். தேய்ந்த நூல் எங்கே போகிறது என்று ஒரு நண்பர் கேட்டார். எங்கும் போவதில்லை, பொடிப்பொடியாக நம் மண்ணிலேயே கிடக்கிறது. அதனாலும் நூலைச் சிக்கனமாகச் செலவிடுவது நல்லதே.

பொங்கல் விழாக் கணக்கில் மீந்த பணத்தில் நம் மன்றத்தார் ஒரு மறைப்பும், ஒரு கண்ணாடியும், ஒரு கண்டு நைலான் நூலும் வாங்கிக் கொடுத்தார்கள். செயலாளர் இதை எந்தத் தலைப்பில் எழுதினார் என்று கேட்க வேண்டாம். மறைப்பு மாட்டிய முதல் நாளே எஞ்சினின் குரல் மாறிவிட்டதை மாலி கவனித்தார். கண்ணாடியைப் பற்றித்தான் அவருக்குக் குறை: மழைக்காலப் புழுக்கத்தில் ஆவி படர்ந்து ஒன்றும் தெரியவில்லை என்று நெற்றிமேல் ஏற்றிவிட்டுக் கொள்கிறார். உள்பக்கத்தில் சோப்பை லேசாகத் தடவித் துடைத்தால் ஆவி படராது என்று சொல்லியிருக்கிறோம். இரண்டாம் மாடிக் குளியலறையில் நூல் ஊறும் ஒரு பச்சை வாளி இருக்கிறது. அதை யாரும் குளிக்க எடுக்க வேண்டாம்.